சொல் ஹவாய், எலும்பு ஆங்கிலம்

1826-இல் ஹொனலுலுவில் இருந்த அமெரிக்க மிஷனரிகள் ஓட்டெடுப்பு நடத்தி ஹவாய் மொழியின் நெடுங்கணக்கைத் தீர்மானித்தார்கள். அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பு, 1822 ஜனவரி 7 அன்று, அங்கே முதல் அச்சுத்தாள் வெளிவந்திருந்தது. அச்சுக்கோக்கும்போதே தகராறு தொடங்கிவிட்டது. ஒரே சொல்லை ஒருவர் “த” வைத்துச் சொல்கிறார், இன்னொருவர் “க” வைத்துச் சொல்கிறார். “ல”வும் “ர”வும் ஒன்றின் இடத்தில் மற்றொன்று வருகிறது. அரசர் பெயரே தமெஹமெஹா என்றும் கமெஹமெஹா என்றும் இரண்டு விதமாகக் காதில் விழுகிறது. இரட்டைகளில் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைக் கழிப்பது என்று முடிவாயிற்று. “க” நின்றது, “த” போனது. “ல” நின்றது, “ர” போனது. “ப”வின் அதிரும் வடிவமும் போனது.

தமிழ் படித்தவருக்கு இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. நாமும் ஒரே “க”வை எழுதிவிட்டு இடத்துக்கு ஏற்ப மூன்று விதமாக ஒலிக்கிறோம். பொருளை மாற்றாத ஒலிக்குத் தனி எழுத்து வேண்டாம் என்பது நல்ல முடிவுதான், அந்த மொழியை வீட்டில் கேட்டு வளர்ந்தவர்கள் படிக்கும்வரை. ஹவாயில் நடந்தது வேறு. நூற்றைம்பது ஆண்டுகள் கழித்து அந்த மொழியைப் பெரும்பாலோர் காதால் அல்ல, கண்ணால் கற்றார்கள். எழுத்தில் “க” இருந்ததால் வாயிலும் “க” மட்டுமே வந்தது. “த” ஒலி அன்றாடப் பேச்சில் தொடர்ந்து நிலைத்தது நி'இஹௌ என்ற சின்னத் தீவில். 1864-இல் ஐந்தாம் கமெஹமெஹாவிடமிருந்து ஒரு குடும்பம் 10,000 டாலருக்கு விலைக்கு வாங்கிய தனியார் தீவு அது. 2010 மக்கள்தொகைக் கணக்கில் 170 பேர். வெளியார் எளிதில் போக முடியாது. தலைமுறை அறுபடாமல் தாய்மடியிலேயே ஹவாய் மொழி தொடர்ந்த ஒரே சமூகம் அதுதான்.

ஆக இன்று இரண்டு ஹவாய் மொழிகள் இருக்கின்றன என்று சொன்னால் மிகையில்லை. ஒன்று நி'இஹௌ மக்களும், மற்ற தீவுகளில் விரல்விட்டு எண்ணக்கூடிய முதியவர்களும் பேசுவது. மற்றொன்று பள்ளியிலும் பல்கலைக்கழகத்திலும் வளர்ந்தது. முதலாவது சுருங்குகிறது, இரண்டாவது பெருகுகிறது. மொழி பிழைத்ததா என்ற கேள்விக்கு எண்ணிக்கையை மட்டும் வைத்துப் பதில் சொல்லக் கூடாது என்பது இதனால்தான்.

ஒரு எழுத்து விளக்கம். இந்த மொழியில் மெய்யொலி எட்டே எட்டு. அதில் ஒன்று தொண்டையடைப்பு. வாய் திறக்காமல் “ம்-ம்” என்று மறுக்கும்போது நடுவில் தொண்டை ஒரு கணம் அடைத்துத் திறக்கிறதே, அதுதான். அங்கே அது ஒரு முழு மெய்யெழுத்து, பெயர் ஒகினா. இங்கே அதற்கு ' என்ற குறியை இடுகிறேன், சொல்லின் தொடக்கத்தில் வந்தால் விட்டுவிடுகிறேன். நெட்டுயிருக்கு மேலே இடும் கோடு கஹகோ. நம்மைப் போல அவர்கள் இரண்டு உயிர்களுக்கு நடுவே யகரமோ வகரமோ வைத்து உடம்படுத்துவதில்லை. உயிர்மேல் உயிராக அடுக்கிக்கொண்டே போவார்கள். அதனால் இந்தக் கட்டுரையில் சொல்லின் நடுவே “உ”வும் “அ”வும் தனித்து நிற்பது கண்ணை உறுத்தினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த இரண்டு குறிகளும் இல்லாவிட்டால் என்ன ஆகும்? க'உ என்றால் “என்னுடைய”. காஉ என்றால் “உன்னுடைய”. கஉ என்றால் “மேலே வை”. குறியை நீக்கினால் மூன்றும் ஒரே எழுத்துக்கோவை. 19-ஆம் நூற்றாண்டுச் செய்தித்தாள்கள் பெரும்பாலும் குறியில்லாமல்தான் அச்சாயின. 1834-இல் லஹைனாலுனாவில் தொடங்கி 1948-இல் ஹிலோவில் கடைசித் தாள் நிற்கும்வரை சுமார் நூறு தாள்கள், ஒரு லட்சத்து இருபத்தைந்தாயிரம் பக்கங்களுக்கு மேல். படித்தவருக்கு என் பொருளா உன் பொருளா என்று தெரிந்திருந்தது, ஏனென்றால் வாக்கியம் அவர் காதில் ஏற்கெனவே ஒலித்தது. நம் ஓலைச்சுவடியில் புள்ளியில்லாத மெய்யைப் படித்தவர்களின் நிலையும் இதுதான்.

1957-இல் மேரி கவெனா புகுயியும் சாமுவேல் எல்பர்ட்டும் வெளியிட்ட அகராதி ஒவ்வொரு சொல்லுக்கும் இரண்டு குறிகளையும் இட்டது. மொழியை மீட்டவர்களின் கையில் இருந்த முதன்மைக் கருவி இந்த அகராதியும், அதன் 1986 பதிப்பும். அது இல்லாமல் ஒன்றும் நடந்திருக்காது. அதே சமயம், குறியிட்ட வடிவமே சரியான உச்சரிப்பு என்ற நம்பிக்கையும் அதோடு வந்தது. மொலொகாய் தீவின் பெயரில் கடைசி உயிருக்கு முன் தொண்டையடைப்பு உண்டு என்று அச்சில் போடுகிறார்கள். இல்லவே இல்லை என்று அந்தத் தீவின் பழைய குடும்பங்களில் சிலர் இன்றும் சாதிக்கிறார்கள். நி'இஹௌக்காரர்கள் பெரும்பாலும் குறியே இடாமல் எழுதுகிறார்கள். தங்கள் மொழியைப் படிக்கத் தங்களுக்குக் குறி எதற்கு என்பது அவர்கள் வாதம். அதில் நியாயம் இருக்கிறது.

எழுத்துக் கூட்டிப் படிப்பதால் உயிரொலியும் மாறியிருக்கிறது. “நல்லது” என்ற பொருள் தரும் மஇக'இ, முதியவர்கள் வாயில் “மெஇக'இ” என்று வரும். “வலிமை”, எழுத்தில் இகஇக, பேச்சில் “இகெஇக”. “அஇ” என்ற சேர்க்கை இயல்பாகவே “எஇ” பக்கம் சாயும். வகுப்பறையில் கற்றவர் எழுத்தில் உள்ளபடியே ஒவ்வோர் உயிரையும் முழுதாக நிறுத்திச் சொல்வார். நாம் “அவர்கள் வந்து கொண்டிருக்கிறார்கள்” என்று தெருவில் முழுசாகச் சொன்னால் எப்படி இருக்குமோ அப்படி. தப்பில்லை, ஆனால் யாரும் அப்படிப் பேசுவதில்லை.

மொழி எப்படி இந்த நிலைக்கு வந்தது என்பது பலரும் எழுதியது, சுருக்கமாகவே சொல்கிறேன். 1778-இல் ஆங்கிலேயக் கடலோடி குக் வந்த பிறகு நோய்கள் மக்களை அழித்தன. 1890-இல் ஹவாய்ப் பூர்வகுடிகள், கலப்பினரையும் சேர்த்து, சுமார் 40,000 பேர்தான். 1893-இல் லிலி'உஒகலானி அரசியின் ஆட்சி கவிழ்க்கப்பட்டது. 1896-இல் வந்த 57-ஆம் சட்டம் அரசுப் பள்ளி, தனியார் பள்ளி எல்லாவற்றுக்கும் ஆங்கிலமே பயிற்றுமொழி என்றது. அதற்கு முன்பே பெரும்பாலான பள்ளிகள் ஆங்கிலத்துக்கு மாறியிருந்தன, சட்டம் மிச்சத்தை முடித்தது. வீட்டில் பேசக் கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. பள்ளியில் அடி வாங்கிய பிள்ளைகள் பெற்றோரான பிறகு தம் பிள்ளைகளிடம் ஆங்கிலத்தில் பேசினார்கள், அவ்வளவுதான். கரும்புத் தோட்டங்களில் சீனர், போர்த்துகீசியர், ஜப்பானியர், பிலிப்பினோக்கள் கலந்து வேலை செய்த இடத்தில் உருவான பிட்ஜின் என்ற கலப்பு மொழி அந்த இடைவெளியை நிரப்பியது. இன்று பல ஹவாய்க் குடும்பங்களின் உண்மையான தாய்மொழி அந்தப் பிட்ஜின்தான். மீட்சியைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதைச் சொல்லக் கூச்சப்படுகிறார்கள்.

1978-இல் மாநில அரசமைப்பு ஹவாய் மொழியை ஆங்கிலத்துடன் ஆட்சிமொழியாக்கியது. ஆனால் 1980-களின் தொடக்கத்தில் நி'இஹௌக்கு வெளியே அந்த மொழி பேசிய 18 வயதுக்குட்பட்டவர்கள் ஐம்பது பேர்கூட இல்லை என்று மதிப்பிட்டார்கள். மாவோரி மக்கள் 1982-இல் நியூசிலாந்தில் தொடங்கிய மழலையர் பள்ளியைப் பார்த்து, 1984-இல் கவாய் தீவின் கெகஹாவில் முதல் பூனன லெஒ என்ற ஹவாய்வழி மழலையர் பள்ளி திறந்தது. அப்போதும் 1896 சட்டத்தின் வாரிசு நடைமுறையில் இருந்தது. 1986-இல்தான் அது விலகியது. 1987-இல் ஹிலோவிலும் ஓவாஹுவிலும் அரசுப் பள்ளிகளில் முழு ஹவாய்வழி வகுப்புகள் வந்தன. இவற்றைக் கஇஅபுனி பள்ளிகள் என்கிறார்கள். ஐந்தாம் வகுப்பில்தான் ஆங்கிலம் ஒரு பாடமாக நுழையும். 1999-இல் முதல் அணி பன்னிரண்டாம் வகுப்பை முடித்தது. 2016-இல் வந்த மாநில அரசின் அறிக்கைப்படி வீட்டில் ஹவாய் மொழி பேசுவதாகச் சொன்னவர்கள் சுமார் 18,600 பேர். எந்த அளவு பேசுகிறார்கள் என்று அந்தக் கேள்வித்தாள் கேட்பதில்லை என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

எனக்கு முக்கியமாகப் படுவது இந்த இடம். முதல் பள்ளிகளின் ஆசிரியர்களும், ஆர்வத்தோடு சேர்ந்த பெற்றோர்களும் பெரும்பாலும் ஆங்கிலத்தில் வளர்ந்து, பல்கலைக்கழகத்தில் ஹவாய் கற்றவர்கள். பிள்ளைகள் அவர்களிடம் கற்றார்கள், ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றார்கள். சொற்கள் எல்லாம் ஹவாய்ச் சொற்கள். மூட்டுகள் எங்கே தேய்கின்றன என்று பார்த்தால், ஆங்கிலம் எங்கே வேறுபடுகிறதோ சரியாக அங்கே.

மிகத் தெளிவான உதாரணம் “கிடைத்தல்”, “தெரிதல்”, “முடிதல்”. ஹவாயில் இவற்றுக்கு அனுபவிப்பவர் எழுவாய் ஆகமாட்டார். “உஅ லொஅ'அ இஅ'உ க புகெ”. இஅ'உ என்பது “எனக்கு”, புகெ “புத்தகம்”. எனக்குப் புத்தகம் கிடைத்தது. எழுவாய் புத்தகம். “மஒபொபொ இஅ'உ”, எனக்குப் புரிகிறது. “ஹிகி இஅ'உ”, என்னால் முடியும். தமிழருக்கு இதைச் சொல்லிக்கொடுக்கவே வேண்டாம், வாக்கியம் நம் வீட்டு வாக்கியம் மாதிரியே இருக்கிறது. ஆனால் “நான்” புத்தகத்தைப் பெற்றேன், “நான்” அறிவேன் என்று சிந்திக்கும் ஆங்கிலத் தலைக்கு இது தலைகீழ். கற்பவர் தன்மைப் பெயரான அஉ-வைத் தூக்கி எழுவாய் இடத்தில் வைத்துவிடுவார். பாடப்புத்தகங்கள் இதற்கென்றே தனிப் பாடம் வைத்து எச்சரிக்கின்றன. தேர்வில் சரியாக எழுதியவர் பேச்சில் சறுக்குவார். அவசரத்தில் எது முதலில் வருகிறதோ அதுதான் எலும்பு.

உடைமை இன்னும் நுட்பம். “என்” என்பதற்கு இரண்டு வடிவம்: க'உ, கொ'உ. சம்பந்தத்தைத் தொடங்கியது நான் என்றால் “அ” வகை. அது என்மேல் வந்து படிந்தது, அல்லது நான் அதற்குள் இருக்கிறேன் என்றால் “ஒ” வகை. பிள்ளை, சாப்பாடு, புத்தகம், கருவிகள் எல்லாம் “அ”. பெற்றோர், உடன்பிறந்தோர், உடல், வீடு, துணி, நிலம், படகு “ஒ”. கணவன் மனைவி “அ” வகை, ஏனென்றால் தேர்ந்தெடுத்த உறவு. கார் “ஒ” வகை: புதுப் பொருள்தான், ஆனால் படகைப் போல உள்ளே உட்கார்ந்து போவது. சில சொற்கள் இரண்டும் ஏற்கும், பொருள் மாறும். க'உ கி'இ என்றால் நான் வரைந்த அல்லது எடுத்த படம். கொ'உ கி'இ என்றால் என்னைக் காட்டும் படம். க'உ மெலெ நான் கட்டிய பாட்டு, கொ'உ மெலெ என்னைப் புகழ்ந்து கட்டிய பாட்டு. பட்டியலை மனப்பாடம் செய்தவர் “புத்தகம் அ, வீடு ஒ” என்று சரியாகச் சொல்வார். படத்துக்கும் பாட்டுக்கும் வரும்போது பட்டியல் கைவிடும், ஏனென்றால் அங்கே சொல்லில் விடை இல்லை, உறவில் இருக்கிறது.

பெயர்ச்சொல்லுக்கு முன் வரும் “க”, “கெ” இரண்டில் எது என்பதற்கு எளிய விதி உண்டு. சொல் க, எ, அ, ஒ என்று தொடங்கினால் கெ, இல்லையென்றால் க. பள்ளிப் பிள்ளைகள் இந்த நான்கு எழுத்தையும் சேர்த்து “கெஅஒ” என்று பாட்டாகவே சொல்வார்கள். விதிக்கு அடங்காதவைதான் தேர்வுக் கல். க பா என்றால் வேலி அல்லது முற்றம், கெ பா என்றால் தட்டு. மேசைக்கும் கெ. வீட்டில் தட்டை எடுத்துவா என்று கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு இது ஒரு விஷயமே இல்லை.

“நாம்”, “நாங்கள்” வேறுபாட்டைத் தமிழருக்கு விளக்கத் தேவையில்லை. அவர்கள் அதற்கு மேல் இருமையும் வைத்திருக்கிறார்கள். காஉஅ: நீயும் நானும். மாஉஅ: நானும் இன்னொருவரும், நீ இல்லை. காகொஉ: நாம் எல்லோரும். மாகொஉ: நாங்கள், நீ இல்லாமல். முன்னிலை, படர்க்கை எல்லாம் சேர்த்துப் பதினோரு பெயர்கள். வாயைத் திறப்பதற்கு முன் எத்தனை பேர், கேட்பவர் உள்ளேயா வெளியேயா என்று இரண்டு கணக்குப் போட வேண்டும். ஆங்கிலம் இதில் எதையும் கேட்பதில்லை.

கற்பவர்கள் கவனிக்காமல் விடுகிற இன்னொன்று திசைச்சொற்கள். வினைக்குப் பின்னால் மஇ வந்தால் பேசுபவரை நோக்கி, அகு வந்தால் பேசுபவரை விட்டு அப்பால், இஹொ கீழ்நோக்கி அல்லது தனக்குள், அ'எ மேலே அல்லது பக்கவாட்டில். பழைய கதைகளில் யார் யாரிடம் சொன்னார் என்று பெயர் போடாமல், “சொன்னான் மஇ”, “சொன்னாள் அகு” என்று இந்த ஒற்றைச் சொல்லாலேயே உரையாடல் ஓடும். தன்மை முன்னிலைக்குத் தருதலும் வருதலும், படர்க்கைக்குச் செல்லுதலும் கொடுத்தலும் என்று தொல்காப்பியர் வரையறுத்ததைப் படித்தவருக்கு இந்த உணர்வு புதிதல்ல. இவற்றை விட்டுவிட்டாலும் வாக்கியம் இலக்கணப்படி பிழையாகாது. அதனால் ஆசிரியர் சிவப்பு மையால் சுழிக்கமாட்டார். அப்படித்தான் சத்தமில்லாமல் குறைகிறது. “இஅ” என்ற செயப்பாட்டுக் குறியும் அதே கதை. “உஅ அஇ இஅ க பொஇ எ கெ கெய்கி”: பொஇ என்ற கூழ் பிள்ளையால் உண்ணப்பட்டது. தமிழில் இப்படி எழுதினால் அரசாணை வாடை அடிக்கும். ஹவாயில் கதை சொல்லும் இயல்பான நடை இதுதான். ஆங்கிலப் பாடத்தில் செயப்பாட்டுவினையைத் தவிர் என்று கேட்டு வளர்ந்தவர் அந்த அறிவுரையை இங்கேயும் கொண்டுவந்துவிடுகிறார்.

இதையெல்லாம் சமாளிக்கத்தான் ஹிலோ பல்கலைக்கழக ஆசிரியர்கள் ஆங்கில இலக்கணக் கலைச்சொற்களைத் தள்ளிவிட்டு பெபெகெ என்ற முறையை உருவாக்கினார்கள். வாக்கியத்தை ஆக்டோபஸாக வரைவார்கள். தலை முதலில்: அதுதான் பயனிலை, ஏனென்றால் இந்த மொழியில் வினை முன்னால் வரும். பிறகு தொப்புள்: எழுவாய். பிறகு கரங்கள்: மற்ற எல்லாம், எத்தனை வேண்டுமானாலும். எதிர்மறை வாக்கியத்தில் இது நன்றாக வேலை செய்கிறது. “நான் போகவில்லை” என்பது “அ'ஒலெ அஉ இ ஹெலெ”, அதாவது இல்லை என்ற சொல்லுக்கு அடுத்து “நான்” பாய்ந்து முன்னால் வந்துவிடும். “பிள்ளை போகவில்லை” என்றால் “அ'ஒலெ இ ஹெலெ கெ கெய்கி”, பெயர்ச்சொல் கடைசியிலேயே நிற்கும். பிரதிப்பெயர் மட்டும் ஓடிவரும். இதை விதியாகச் சொன்னால் குழம்பும் பிள்ளைகள், தொப்புள் நகர்வதைப் படத்தில் பார்த்தால் பிடித்துக்கொள்கிறார்கள். ஆனாலும் படம் போட்டுக் கற்ற மொழி, படம் போட்டுக் கற்ற மொழிதான்.

மாறாக, பத்திரிகைகள் ஆர்வமாக எழுதுவது புதுச் சொற்களைப் பற்றி. என் பார்வையில் அது மிகக் குறைந்த கவலை. சொல்லாக்கக் குழு 1987 முதல் வேலை செய்கிறது, அதன் அகராதி மாமக கஇஅஒ. ஒரு கருத்துக்குச் சொல் வேண்டும் என்றால் முதலில் பழைய அகராதியில் தேடுவார்கள். இல்லையென்றால் வழக்கொழிந்த சொல்லை எழுப்புவார்கள், பொருளை விரிப்பார்கள், இரண்டு சொல்லைக் கூட்டுவார்கள், கூட்டியதைச் சுருக்குவார்கள், உறவுமொழியான மற்ற பாலினேசிய மொழிகளில் கடன் கேட்பார்கள். கடைசியில்தான் ஆங்கிலத்தை ஹவாய் ஒலிக்கு வளைப்பது. கணினி லொலொஉஇல: மூளை, மின்சாரம். மின்னஞ்சல் லெக உஇல: கடிதம், மின்சாரம். இணையம் பூனஎவெலெ: சிலந்தி வலை. நம் கலைச்சொல்லாக்கம் நடந்த பாதையேதான். அறிவியலுக்கும் நாட்டுப் பெயர்களுக்கும் 1826-இல் கழித்த எழுத்துகளைத் திரும்ப அனுமதித்துவிட்டார்கள் என்பது ஒரு வேடிக்கை.

பழைய தலைமுறையோ கடன் வாங்கக் கூச்சப்பட்டதே இல்லை. மெய்க்கூட்டை உயிர் போட்டுப் பிரித்து, இல்லாத ஒலியை இருக்கும் ஒலியாக மாற்றி விழுங்கிவிடும். கிறிஸ்துமஸ் கலிகிமக ஆனது அப்படித்தான். ஆஸ்பத்திரி ஹஉகபில, பள்ளி குல. தொலைக்காட்சி முதலில் கெலெவிகிஒன, இப்போது கீவீ. குழு கூட்டியெடுத்த ஒரு தூய சொல்லும், நி'இஹௌ வீட்டில் புழங்கும் ஒரு கடன் சொல்லும் மோதும்போது, எது “அசல்” என்று கேட்டால் நான் கடன் சொல்லின் பக்கம்தான். அது வாயில் புழங்கியிருக்கிறது.

மாற்றம் ஏதோ நேற்று வந்ததுபோல அழுவதும் சரியில்லை. இந்த மொழி முன்பு நான்கின் மடங்கில் எண்ணியது. நான்கு ஒரு காஉன, நாற்பது ஒரு க'அஉ, நானூறு ஒரு லஉ, நாலாயிரம் ஒரு மனொ, நாற்பதாயிரம் ஒரு கினி, நான்கு லட்சம் ஒரு லெஹு. மீனும் கிழங்கும் அப்படித்தான் எண்ணப்பட்டன. மிஷனரிப் பள்ளியின் கணக்குப் புத்தகம் வந்ததும் நூறு ஹனெலி, ஆயிரம் கஉகனி என்று ஆங்கிலச் சொல் உள்ளே வந்தது, பத்தடிமான முறை வென்றது. லஉ, கினி, லெஹு எல்லாம் கவிதையில் “எண்ணற்ற” என்ற பொருளில் ஒதுங்கிக்கொண்டன. பொதுமக்களைக் குறிக்கும் லெஹுலெஹு அந்த நான்கு லட்சத்தின் மிச்சம்.

கணினித் திரையில் நடந்த கூத்து தமிழ் இணையத்தின் பழைய ஆட்களுக்குக் கண்ணீர் வரவழைக்கும். 1990-களில் ஹவாய் எழுத்துருக்கள், ஜெர்மன் மொழிக்கான இரட்டைப்புள்ளி உயிர்களின் இடத்தில் கஹகோ இட்ட உயிர்களை வைத்தன. ஒகினாவுக்கு, இரட்டைப்புள்ளி இட்ட “ஒய்” எழுத்தின் இடம். எழுத்துரு இருந்தால் அழகாகத் தெரியும், இல்லாவிட்டால் ஹவாயின் பெயருக்கு நடுவிலேயே புள்ளிவைத்த ஒய் வந்து உட்காரும். பாமினி என்ற பழைய எழுத்துருவில் எழுதிய தமிழ் வேறு கணினியில் ஆங்கிலக் கந்தலாகத் தெரிந்ததே, அதே நோய். யூனிகோட் வந்த பிறகும் ஒரு சிக்கல் தீரவில்லை. ஒகினாவுக்கு உரிய குறியெண் 02பிபி, தலைகீழ் காற்புள்ளி வடிவ எழுத்து. பலர் அவசரத்துக்கு விசைப்பலகையில் உள்ள மேற்கோள் குறியைத் தட்டிவிடுகிறார்கள். பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் மேற்கோள் குறி எழுத்தல்ல, நிறுத்தக்குறி. அதனால் சொல்லை இரட்டைச் சொடுக்கில் தேர்ந்தால் பாதிதான் பிடிபடும், தேடினால் ஒரு வடிவம் கிடைத்து மற்றது கிடைக்காது, அகரவரிசை குலையும். ஆப்பிள் கணினியில் ஹவாய் விசைப்பலகையைத் தேர்ந்தால் மேற்கோள் விசையே சரியான ஒகினாவைத் தரும், ஆப்ஷன் விசையோடு உயிரெழுத்தைத் தட்டினால் கஹகோ வரும். தேடும் இடத்தில் மட்டும் குறிகளைப் புறக்கணிக்கும்படி அமைக்க வேண்டும், இல்லையென்றால் குறியில்லாத அந்தப் பழைய செய்தித்தாள் பக்கங்கள் எதுவும் அகப்படாது.

இத்தனைக்கும் மருந்து இருக்கிறது, அது ஒலிநாடா. லாரி கிமுரா 1972 முதல் ஹொனலுலு வானொலியில் நடத்திய க லெஒ ஹவாயி நிகழ்ச்சியில் அன்றைய முதியவர்கள் வந்து பேசினார்கள். நூற்றுக்கணக்கான மணி நேரம். மீன்பிடி, உறவுமுறை, ஊர்வம்பு, தொலைபேசியில் வரும் நேயர்களோடு அரட்டை. ஹிலோ பல்கலைக்கழகம் இதைக் கனி'ஆஇன என்ற இணையத் தொகுப்பில் வைத்திருக்கிறது. பள்ளிகளில் இதை எவ்வளவு நேரம் கேட்க வைக்கிறார்கள் என்பதில்தான் அடுத்த தலைமுறைப் பேச்சின் தரம் இருக்கிறது என்று நினைக்கிறேன், புதிய அகராதிப் பதிப்பில் அல்ல. ஆட்கள் தட்டுப்பாடும் அதே இடத்தில்தான் கடிக்கிறது. 2019-இல் லானாய் தீவில் ஹவாய்வழி வகுப்பு இல்லை என்று ஒரு தாய் தொடுத்த வழக்கில், அதை அளிக்க நியாயமான முயற்சி எல்லாம் எடுப்பது அரசின் அரசமைப்புக் கடமை என்று மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்துவிட்டது, சின்னத் தீவுக்கு வந்து தங்கி, கணக்கும் அறிவியலும் ஹவாயில் நடத்தக்கூடிய ஆசிரியரைத் தீர்ப்பு உண்டாக்காது.

கேட்டுப் பழக விரும்புகிறவருக்கு ஒரு வழி. ஐந்து நிமிடத் துண்டு போதும். முதல் முறை பேனா இல்லாமல் கேளுங்கள். இரண்டாம் முறை காதில் விழுந்ததைக் குறியில்லாமல் எழுதுங்கள். இங்கேதான் பெரும்பாலோர் தடுக்குவார்கள்: ஒரு சொல்லின் கடைசி உயிரும் அடுத்த சொல்லின் முதல் உயிரும் ஒட்டிக்கொள்வதால் “க”, “இ” போன்ற குட்டிச் சொற்கள் காணாமல் போயிருக்கும். மூன்றாம் முறை அகராதியை வைத்து ஒகினாவும் கஹகோவும் இடுங்கள். அகராதி சொல்வதும் பேசியவர் சொன்னதும் ஒத்துவராத இடத்தைத் திருத்தாமல் அப்படியே குறித்து வையுங்கள். நான்காம் முறை மஇ, அகு, இஹொ, அ'எ நான்கையும், “இஅ”வையும் வட்டமிடுங்கள். பிறகு அதே விஷயத்தை நீங்கள் சொல்லிப் பதிவு செய்து, உங்கள் வட்டங்களை எண்ணிப் பாருங்கள். நி'இஹௌ குரலில் தொடங்க வேண்டாம், வேகமும் “த”வும் மிரட்டும். ஹவாய் பெருந்தீவின் முதியவர் பேசும் பதிவை முதலில் எடுங்கள், அங்கே “க”தான். நி'இஹௌ பதிவுகளை எடுக்கும் நாளில் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாமல் கேளுங்கள்.